காதலும் பொழுதும்: குறுந்தொகை, ஆங்கில மெய்யியற் கவிதை, ஏ. கே. இராமானுசன் மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

காதலையும் காலத்தின் ஓட்டத்தையும் இணைத்துப் பாடாத இலக்கியம் அரிது. ஆயினும் அவ்விரண்டையும் இணைக்கும் முறை இலக்கியத்துக்கு இலக்கியம் வேறுபடுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியற் கவிஞர்களிடத்தில் காலம் காதலை எதிர்த்து நிற்கும் ஒரு தரப்பாகும். காதலன் அதனோடு வழக்காடுகிறான். சங்க அகப்பாடல்களிலோ பொழுது என்பது நிலத்தோடு சேர்த்து எண்ணப்படும் முதற்பொருள். காதல் அதற்குள்ளேயே நிகழ்கிறது.

இவ்விரு மரபுகளும் இருபதாம் நூற்றாண்டில் ஒரே மொழிபெயர்ப்பாளரின் கல்வியிலும் பணியிலும் சந்தித்தன. மைசூரில் பிறந்து, ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர்க் குறுந்தொகையை ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்ற ஏ. கே. இராமானுசன் (1929–1993) அவர். அவருடைய மொழிபெயர்ப்பில் நிலம் பெற்ற இடம் எது, பொழுது பெற்ற இடம் எது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொழுதுச் சொற்கள் கலைச்சொற்களா, வெறும் வினையடைகளா என்னும் வினா மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒருங்கே உரியது. அதற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே ஓர் அகப்பாடலின் பொருள் மொழிபெயர்ப்பில் நிற்பதும் நில்லாமையும் அமைகின்றன.

2. மெய்யியற் கவிதை: பெயரின் வரலாறு

ஜான் டன் (1572–1631) எழுதிய காதற்பாக்கள் அவர் வாழ்நாளில் பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவே நண்பரிடையே வழங்கின. அவர் மறைந்து ஈராண்டுகள் கழித்து, 1633இல், அவை நூலாகத் தொகுக்கப்பட்டன. ஆண்ட்ரூ மார்வெல்லின் (1621–1678) பாக்களும் அவர் மறைவுக்குப் பின்னரே 1681இல் அச்சேறின. இவர்கள் தம்மை ஒரு குழுவாகக் கருதியதுமில்லை. தமக்கு ஒரு பெயர் இட்டுக்கொண்டதுமில்லை.

பெயர் பழிப்புரையாகவே வந்தது. அங்கதம் பற்றி 1693இல் எழுதிய கட்டுரையில் டிரைடன், காதற்பாட்டிலும் டன் மெய்யியலைப் புகுத்தி மகளிர் மனத்தைக் குழப்புகிறார் என்று குறை கூறினார். 1779இல் கௌலியின் வரலாற்றை எழுதிய சாமுவேல் ஜான்சன், தொடர்பற்ற கருத்துகளை வலிந்து பிணைப்பவர்கள் என்று இவ்வகைக் கவிஞர்களை ஒருங்கே சுட்டி, ‘மெட்டாபிசிகல்’ என்னும் அடையை நிலைபெறச் செய்தார். பழிப்பு, பாராட்டாக மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான். கிரியர்சன் 1921இல் வெளியிட்ட தொகைநூலும், அதனை மதிப்பிட்டு அதே ஆண்டில் டி. எஸ். எலியட் எழுதிய கட்டுரையும் இம்மாற்றத்திற்கு வழிவகுத்தன. சிந்தனையும் உணர்ச்சியும் பிரியாத நிலையை இக்கவிஞர்களிடம் கண்டார் எலியட். அதன் பின்னர் ஆங்கிலம் கற்பித்த பல்கலைக்கழகங்களில் இவர்கள் பாடநூற் கவிஞர் ஆயினர்.

இக்கவிதைகளில் காலம் வாதப்பொருளாக வருகிறது. படுக்கையறையில் புகுந்த காலைக் கதிரவனை டன்னின் ஒரு பாடல் கடிந்து விரட்டுகிறது. காதலர் சந்தித்து ஓராண்டு நிறைந்ததைக் கூறும் பிறிதொரு பாடல், அவ்வோராண்டில் உலகில் அனைத்தும் மூத்தன, காதல் மட்டும் மூப்படையவில்லை என்று வழக்காடுகிறது. மார்வெல்லின் புகழ்பெற்ற பாடல் தருக்க நூலின் மூன்று படிகளைப் போல அமைந்தது: காலம் அளவின்றி இருக்குமாயின் காத்திருக்கலாம், அஃது அவ்வாறு இல்லை, ஆதலின் இன்றே இன்புறுக என்பது அதன் போக்கு. மூன்றிலும் காலம் என்பது இயங்கிக்கொண்டே இருக்கும் ஒற்றை ஆற்றல். அதற்குக் காலை, மாலை என்னும் தனித்தனிக் குணங்கள் பெரிதல்ல; அது கடந்து செல்கிறது என்பதே பெரிது.

3. மைசூர்: அக்ரஹாரத் தமிழும் ஆங்கிலக் கல்வியும்

மைசூர் அரண்மனைக்குத் தென்புறத்தே அமைந்த அக்ரஹாரம் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. அதனூடே செல்லும் தெருவுக்கு இராமானுஜர் பெயர் அமைந்துள்ளது. மைசூர் அரச மரபினரின் குருபீடமாகிய பரகால மடமும் இந்நகரில் உள்ளது. மைசூர்ப் பகுதியில் வாழும் ஐயங்கார் குடும்பங்கள், ஹெப்பார், மண்டயம் முதலிய பிரிவினர் உட்பட, பல தலைமுறைகளாக வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி வருவோர். அவர்களுள் பலருக்குத் தமிழ் எழுத்தினும் கன்னட எழுத்தே பழக்கமானது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் அவர்களுடைய வழிபாட்டின் பகுதி. சங்க இலக்கியமோ அவர்களுடைய கல்வியின் பகுதியன்று. செவியில் தமிழ் உண்டு, ஏட்டில் பழந்தமிழ் இல்லை என்பதே இச்சூழலின் மொழிநிலை.

இத்தகைய ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம் ஒன்றில் 1929 மார்ச் 16ஆம் நாள் இராமானுசன் மைசூரில் பிறந்தார். தந்தையார் ஏ. ஏ. கிருஷ்ணசாமி ஐயங்கார் கணிதப் பேராசிரியர். வானியலிலும் சோதிடத்திலும் ஒருசேர ஈடுபாடு கொண்டவர். வீட்டின் மாடியில் தந்தையின் ஆங்கிலம், கீழே தாயின் தமிழ், தெருவில் கன்னடம் எனத் தம் மும்மொழிச் சூழலை இராமானுசன் பிற்காலத்தில் விளக்கியுள்ளார்.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது ஆங்கில இலக்கியம். ஆங்கிலக் கவிதையை இந்திய மொழிக்குக் கொணரும் முயற்சிக்கு அப்பல்கலைக்கழகத்தில் முன்னரே ஒரு மரபு இருந்தது. அங்கு ஆங்கிலம் கற்பித்த பி. எம். ஸ்ரீகண்டய்யா 1926இல் வெளியிட்ட ‘இங்கிலீஷ் கீதகளு’ நவீன கன்னடக் கவிதையின் தொடக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இராமானுசன் கொல்லம், பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் ஆங்கிலம் கற்பித்தபின், புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயின்று, 1959இல் அமெரிக்கா சென்றார். 1963இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முனைவரானார். ஐயங்கார் தமிழையும் முதலியார் தமிழையும் ஒப்பிட்டு அவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு சமூகக் கிளைமொழியியலில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. வீட்டுத் தமிழே அவருக்கு முதல் ஆய்வுக்களம் ஆயிற்று எனலாம்.

பழந்தமிழ் அவரை எதிர்கொண்டது மைசூரில் அன்று, சிகாகோவில். 1962இல் அப்பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிச் சென்றவர், உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். அதன் பயனாகக் குறுந்தொகைப் பாடல்களின் தேர்ந்த மொழிபெயர்ப்பு 1967இல் இந்தியானாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. மெய்யியற் கவிதைக்கு எலியட் தேடித்தந்த மதிப்பு ஆங்கிலக் கல்வியில் நிலைபெற்றிருந்த காலம் அது. சிந்தனைச் செறிவும் சொற்சுருக்கமும் உடைய காதற்பாட்டை ஏற்கும் செவி ஆங்கில வாசகரிடம் ஆயத்தமாக இருந்தது.

4. பொழுது, காலம், பருவம்: சொற்களின் பாகுபாடு

அகத்திணையின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கும் தொல்காப்பியம், முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் கூறுகிறது. இங்கு ஆளப்படும் சொல் பொழுது என்பதாகும். சொல்லதிகாரத்தில் வினைச்சொல் காட்டும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு ஆகியவற்றைக் குறிக்கும் சொல்லோ காலம். செய்யுளியலில் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணப்படும் காலமும் இம்மூன்றையே குறித்தது. எனவே கடந்து செல்லும் நேரம் காலம் எனவும், குணமுடைய நேரம் பொழுது எனவும் இலக்கண நூலுக்குள்ளேயே ஒரு பாகுபாடு அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

பொழுது என்னும் சொல்லுக்குக் கதிரவன் என்னும் பொருளும் உண்டு. பொழுது சாய்ந்தது, பொழுது புலர்ந்தது என்னும் வழக்குகளில் பொழுது எழுவாயாக நிற்கிறது. மைசூர்த் தெருக்களில் கேட்கும் கன்னடச் சொல்லாகிய ஹொத்து இதன் இனச்சொல்லே. அதுவும் நேரம், கதிரவன் என்னும் இரு பொருளையும் தாங்கியது. ஆங்கிலத்தில் நேரத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லுக்கு இவ்விரட்டைப் பொருள் இல்லை.

பெரும்பொழுது ஆறு, ஒவ்வொன்றும் இரு திங்கள் அளவினது. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும், மருதத்திற்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் நண்பகலும் உரியன. இப்பாகுபாட்டில் பாலையின் நிலை தனித்துக் கருதத்தக்கது. தொல்காப்பியம் பாலைக்கு நிலம் கூறவில்லை. பொழுது மட்டுமே கூறியது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆக, பிரிவைப் பாடும் திணை பொழுதால் மட்டுமே அமைந்த திணையாகும். நிலமின்றி ஒரு திணை நிற்கக்கூடும். பொழுதின்றி எத்திணையும் இல்லை.

மேலும், திணைகள் ஒன்றோடொன்று மயங்குதலைத் தொல்காப்பியம் தடுக்கவில்லை. நிலம் மயங்குதலை மட்டும் விலக்கியது. இதனால் பொழுது மயங்கலாம் என்று உரையாசிரியர் கொள்வர். நிலம் ஓரிடத்தில் நிற்பது, பொழுது பெயர்வது. காதலின் நிலை மாறும்போது பாடலில் மாறத்தக்கது பொழுதே என்பது இதனாற் பெறப்படும்.

5. பருவமே சான்று

முல்லைப் பாடல்களில் தலைவன் கார்ப்பருவத்தில் மீள்வதாகக் கூறிப் பிரிகிறான். அப்பருவம் வருகிறது, அவன் வரவில்லை. இந்நிலையில் எழும் உரையாடலே முல்லையின் பெரும்பகுதி. குறுந்தொகை 66ஆம் பாடலில் கொன்றை பூத்துவிட்டதைக் கண்டு கலங்கும் தலைவியிடம், அம்மரங்கள் அறியாமை உடையன, பருவமல்லாத மழையைக் கார் என்று நம்பி மலர்ந்துவிட்டன என்று தோழி கூறுகிறாள். ‘பருவம் அன்று’ என வற்புறுத்தல் எனப்படும் துறை இது. 21ஆம் பாடலில் தலைவியே பேசுகிறாள். காடு முழுவதும் கார் வந்தது என்று அறிவித்தாலும் அவள் அதனைத் தெளியாள். காரணம், தலைவர் பொய் கூறுபவர் அல்லர்.

இவ்விரு பாடல்களும் வாதங்களே. ஆகையால் ஆங்கிலக் கவிதை காலத்தோடு வாதிடும், தமிழ்க் கவிதை வாதிடாது என்று எளிதாகப் பகுத்துவிட இயலாது. வேறுபாடு வாதத்தின் பொருளில் உள்ளது. மார்வெல் காலத்தின் விரைவைச் சான்றாகக் காட்டிக் காதலியின் இசைவை நாடுகிறார். அங்குக் காலத்தின் முடிவு மரணம். முல்லைத் தலைவியின் வழக்கில் காலம் பகையன்று. அது தலைவன் தந்த சொல்லின் தவணை. கொன்றை மலர்தல் ஒரு சான்று. தலைவன் சொல் மற்றொரு சான்று. இரண்டும் முரண்படுங்கால் எதனை நம்புவது என்பதே வினா. காட்சியினும் காதலன் சொல்லே வலிது என்று தலைவி கொள்ளும்போது, அவள் காலம் செல்வதை மறுக்கவில்லை; அது காரா அன்றா என்னும் பெயரீட்டையே மறுக்கிறாள்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு பெரிது. கார் என்பதை மழைக்காலம் என்று பொதுவாகப் பெயர்த்தால், பருவமல்லாத மழைக்கும் பருவ மழைக்கும் இடையிலான வேறுபாடு தளர்கிறது. 66ஆம் பாடலின் வாதமே அவ்வேறுபாட்டின் மீது நிற்பது. கார் என்பது ஆவணி, புரட்டாசித் திங்கள்கள். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் கூதிரில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. பருவமழை என்னும் இக்காலச் சொல்லால் காரைக் குறித்தால் முல்லையும் குறிஞ்சியும் வாசகர் மனத்தில் ஒன்றாகிவிடும். 66ஆம் பாடலை மொழிபெயர்த்த இராமானுசன், உரிய பருவம், உரியதல்லாத மழை என்னும் எதிர்நிலையைத் தெளிவாக அமைத்தார். பாடலின் வாதம் ஆங்கிலத்திலும் வாதமாகவே நின்றது.

6. மாலைக்கு இலக்கணம்

குறுந்தொகை 234ஆம் பாடல் பொழுதின் வரையறையையே பொருளாகக் கொண்டது. வானம் சிவந்து, ஒளி குன்றி, முல்லை மலரும் வேளையை மாலை என்று சொல்பவர்கள் மயங்கியவர்கள் என்கிறாள் தலைவி. துணை இல்லாதவர்க்குச் சேவல் கூவும் விடியலும் மாலையே, நண்பகலும் மாலையே என்பது அவள் துணிபு. முல்லைத்திணைக்குரிய சிறுபொழுது மாலை என்னும் இலக்கண வரையறையை எடுத்துக்கொண்டு, அதனைத் தலைவி தன் துயரால் விரிக்கிறாள்.

இப்பாடலில் மூன்று மொழிக்கூறுகள் மொழிபெயர்ப்பு நோக்கில் ஆராயத்தக்கன. முதலாவது, என்மனார் என்னும் வினைவடிவம். இஃது இலக்கண நூலார் முன்னோர் கொள்கையைக் கூறுங்கால் கையாளும் வடிவம், தொல்காப்பியத்தில் பெருவழக்கினது. தலைவி அவ்வடிவத்தை எடுத்தாண்டு, நூலோர் கூற்றை மறுப்பவள் போலப் பேசுகிறாள். சொல்பவர் என்னும் பொது வினையால் பெயர்க்கப்படும்போது இந்நுட்பம் ஆங்கிலத்தில் மறைகிறது.

இரண்டாவது, மயங்குதல் என்னும் சொல். அறிவு மயங்குதலையும் ஒளி மயங்குதலையும் அது ஒருங்கே குறிக்கும். அந்தி மயங்கும் வேளை என்பது இன்றும் வழக்கு. இராமானுசன் இவ்விடத்தில் தேர்ந்த ஆங்கில அடைமொழி, ஒளி மங்கலையும் அறிவு மங்கலையும் ஒருசேர உணர்த்துவது. மூலத்தின் இரட்டுறலுக்கு ஆங்கிலத்தில் நேரான இரட்டுறல் அமைந்த அரிய இடம் இது. ஒரு சொல்லின் பொருட்புலம் முழுவதையும் கருதிய மொழியியலாளரின் தேர்வு என்று இதனைக் கொள்ளலாம்.

மூன்றாவது, சொற்கிடக்கை. தமிழில் மாலையின் வருணனை முன்னும், அதனை மாலை என்போர் மயங்கினர் என்னும் மறுப்பு பின்னும் வருகின்றன. கேட்போர் முதலில் வழக்கமான வரையறைக்கு உடன்பட்டு, அதன்பின் திடுக்கிடுகின்றனர். அடைகள் முன்னும் தலைச்சொல் பின்னும் வரும் தமிழ்த் தொடரமைப்பு ஆங்கிலத் தொடரமைப்புக்குக் கண்ணாடி உருப் போன்றது என்பதை இராமானுசனே தம் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் விளக்கியுள்ளார். அதற்கேற்ப அவர் மொழிபெயர்ப்பில் மறுப்பு முதலிலேயே வந்துவிடுகிறது. ஆனால் துணையற்றோர்க்கு என்னும் நான்காம் வேற்றுமைச் சொல்லை மூலத்தில் உள்ளவாறே இறுதியில் வைத்தார். வரையறை யாருக்கு உரியது என்பது கடைசியில் தெரியவரும் அமைப்பு அதனாற் காக்கப்பட்டது.

இதனோடு அள்ளூர் நன்முல்லையார் பாடிய 32ஆம் பாடலை ஒப்பிடலாம். காலை முதல் விடியல் வரை ஐந்து பொழுதுகளை எண்ணி, அவற்றைப் பிரித்தறிய முடியுமாயின் காமம் பொய் என்கிறான் தலைவன். அன்பு மெய்யாயின் பொழுதுகளின் எல்லை அழிந்துபோகும் என்பது கருத்து. டன்னின் கதிரவனைக் கடியும் பாடலிலும் காதல் பருவத்தையும் மணியையும் அறியாது என்னும் கருத்து உண்டு. எனினும் டன் கதிரவனுக்கு ஆணை இடுகிறார்; காதலர் அறையே உலகம் ஆகிறது. அங்குக் காதலர் ஒருங்கே இருக்கின்றனர். பொழுதை வெல்லும் ஆற்றல் கூட்டத்தால் வருகிறது. குறுந்தொகைப் பாடல்கள் இரண்டிலும் துணை அருகில் இல்லை. பொழுது வெல்லப்படவில்லை, பொழுதின் பெயர்களே பொருளிழக்கின்றன. தமிழில் நிகழ்வது சொற்பொருள் மாற்றம் என்பது மொழியியலார் கருதற்குரியது.

7. திணையும் நிலக்காட்சியும்

1967ஆம் ஆண்டு நூலுக்கு இராமானுசன் ‘அகத்தின் நிலக்காட்சி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். அகம், திணை ஆகிய இரண்டு கலைச்சொற்களையும் ஒரு தொடருக்குள் அடக்கிய பெயர் அது. சங்கப் பாடல்களை உலக வாசகர் அறிந்ததில் இப்பெயருக்கும் பங்கு உண்டு. உள்ளத்தின் நிலையை மலை, காடு, வயல், கடல், சுரம் என்னும் வெளிகளாகக் காணும் மரபு என்று அகமரபைப் பலரும் விளக்கத் தொடங்கினர்.

இப்பெயரீட்டில் ஓர் இழப்பும் உண்டு. முதற்பொருள் இரண்டனுள் நிலம் தலைப்பில் இடம்பெற்றது. பொழுது தலைப்பில் இல்லை. நூலின் பின்னுரையில் திணைகளுக்குரிய பருவத்தையும் நாட்பொழுதையும் அவர் அட்டவணையாகத் தந்துள்ளார். அதனை மறந்தார் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் பின்னுரையைப் படிக்காமல் பாடல்களை மட்டும் படிப்பவர்க்கு மாலை என்பது ஒரு வேளையாகவே தோன்றும். திணையின் அடையாளமாகத் தோன்றாது. கூற்றுக்குரியவரைத் தலைப்பாகவே அமைத்து, தலைவி கூறியது, தோழி கூறியது எனப் பொருள்பட ஒவ்வொரு பாடலுக்கும் பெயரிட்டவர் அவர். கூற்றுக்குத் தலைப்பில் இடம் கிடைத்தது. பொழுதுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. பொழுதாலேயே அமைந்த பாலை, நிலக்காட்சி என்னும் சொல்லின்கீழ் வறண்ட நிலமாகச் சுருங்கியது இதன் விளைவு.

பொழுதின் குணத்தை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று 1989இல் வெளிவந்த இந்தியச் சிந்தனைமுறை பற்றிய கட்டுரை. இந்திய மரபில் நேரம் எங்கும் ஒரே தன்மையுடைய வெற்றளவன்று. இராகுகாலம் போன்று குறித்த வேளைக்குக் குறித்த குணம் உண்டு என்று அதில் எடுத்துக்காட்டினார். சூழலைச் சார்ந்து பொருள் கொள்ளும் அம்மரபுக்கு அகத்திணைப் பாகுபாட்டையும் உதாரணமாகக் கூறினார். வானியலையும் சோதிடத்தையும் ஒருங்கே போற்றிய தந்தையைப் பற்றிய நினைவும் அக்கட்டுரையில் இடம்பெற்றது. 1967இல் பின்னுரை அட்டவணையில் இருந்த பொழுது, 1989இல் கருத்துநிலைக்கு உயர்ந்தது எனலாம்.

8. பாசுரத்தில் பொழுது

அக்ரஹாரத்தில் ஓதப்படும் பிரபந்தத்திற்கும் இராமானுசன் 1981இல் திரும்பினார். நம்மாழ்வார் பாசுரங்களின் மொழிபெயர்ப்பாகிய அந்நூலின் ஆங்கிலப் பெயர், ஆழ்வார் என்னும் சொல்லின் ஆழ்தற்பொருளை உட்கொண்டது. மெய்யியற் கவிதை என்னும் பெயர் அதன் நேர்ப்பொருளில் பொருந்துவது பாசுரங்களுக்கே. இறைப்பொருளும் காதலும் இவற்றில் பிரிவதில்லை. டன் காதற்பாவையும் சமயப்பாவையும் வெவ்வேறாக எழுதினார். நம்மாழ்வார் தலைவி கூற்றிலேயே இரண்டையும் அமைத்தார்.

திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் நான்காம் திருவாய்மொழியில் ஊர் உறங்க, இருள் சூழ, இரவு முடிவின்றி நீள்கிறது. ஒன்பதாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் தென்றலும் மல்லிகையும் மாலையும் தலைவியை வருத்துகின்றன. யாமமும் மாலையும் அகமரபிலிருந்து வந்தவையே. ஆனால் அகப்பாடலில் காத்திருத்தலுக்குத் தவணை உண்டு. கார் வந்தால் தலைவன் வருதல் வேண்டும். இறைவன் அத்தகைய தவணை கூறிப் பிரிந்தவன் அல்லன். எனவே பொழுது தன் எல்லையை இழந்து நீட்சி பெறுகிறது. குணமுடைய பொழுது, அளவற்ற காலத்தோடு கலக்கும் இடம் இதுவே. பாசுரத்தை மொழிபெயர்ப்போர் மாலைக்கும் யாமத்திற்கும் உரிய அகமரபுச் சாயலைக் காட்டாராயின், இக்கலப்பு புலப்படாது. வெறும் பக்தி முறையீடே எஞ்சும்.

9. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் எழுகிறது. மார்வெல் காலத்தைத் தேரேறித் துரத்தி வரும் ஒருவனாக உருவகிக்கிறார். தமிழில் காலத்தை உயர்திணைப்படுத்தினால் காலன் என்னும் சொல் வரும். காலன் எமனைக் குறிப்பவன். துரத்துபவன் காலம், சேருமிடம் கல்லறை என்று ஆங்கிலத்தில் படிப்படியாக விரியும் வாதம், தமிழில் முதற்சொல்லிலேயே முடிவைச் சொல்லிவிடும். காலம் என்று அஃறிணையிலேயே நிறுத்தினால் துரத்துதல் தளரும். எதனைத் தேர்ந்தாலும் ஒன்று குறையும் என்பதை அறிந்தே தேர்தல் வேண்டும்.

டன்னின் மற்றொரு பாடல் ஆண்டின் மிகக் குறுகிய நாளாக அவர் காலத்தில் கருதப்பட்ட டிசம்பர் 13ஆம் நாளைக் களமாகக் கொண்டது. பழைய ஜூலியன் நாட்காட்டி இங்கிலாந்தில் 1752 வரை வழக்கில் இருந்தது. டன்னின் காலத்தில் அது புதிய நாட்காட்டிக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. இலண்டனில் அப்பருவத்துப் பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. மைசூரிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொரு மணி நேரத்திற்கு மேற்பட்டது. தமிழ் வாசகர்க்குக் குறும்பகல் என்பது அனுபவமாக இராது. பனிக்காலம் என்று பெயர்த்தால் முன்பனி, பின்பனி என்னும் மரபுப் பொருள்கள் புகும். அவை குறிஞ்சியையும் பாலையையும் நினைவூட்டும். தமிழ்ப் பொழுதுச் சொற்கள் வெற்றிடங்கள் அல்ல என்பது இதனாற் புலனாகும்.

மறுபுறம், வைகறை, விடியல் ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே சொல்லால் பெயர்ப்பதும், எற்பாட்டை மாலையிலிருந்து பிரித்துக் காட்டாமல் விடுவதும் வழக்கமாகியுள்ளன. எற்பாடு கதிரவன் எழும் வேளையா, சாயும் வேளையா என்பதில் தமிழ் அறிஞரிடையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அத்தகைய சொல்லைப் பொதுச்சொல்லால் மறைப்பதினும், ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன் என உறுதி செய்து, நூல் முழுவதும் மாறாமல் ஆளுதலே தக்கது.

10. முடிவுரை

தமிழ் செம்மொழியாக 2004இல் அறிவிக்கப்பட்டபின், செம்மொழித் தமிழுக்கான நடுவண் அரசின் உயராய்வு மையம் 2006இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திலேயே தொடங்கப்பெற்று, 2008இல் சென்னைக்கு மாறியது. சங்க நூல்கள் பல மொழிகளுக்கும் பெயர்க்கப்பட்டு வரும் இக்காலத்தில், பொழுதுச் சொற்களைக் கலைச்சொற்களாகக் கொள்ளும் நிகரன் அட்டவணை ஒன்று ஒவ்வொரு இலக்கு மொழிக்கும் இன்றியமையாதது.

மெய்யியற் கவிஞர்க்குக் காலம் கடந்து செல்வது. காதல் அதனை முந்த வேண்டும். அகப்பாடலுக்குப் பொழுது வந்து நிற்பது. காதலர் அதற்கு விடை கூற வேண்டும். இவ்வேறுபாட்டைச் சொல்லளவில் காத்த இடங்களில் இராமானுசன் மொழிபெயர்ப்பு இன்றும் முன்மாதிரியாக விளங்குகிறது. நூற்பெயர் நிலத்தை முன்னிறுத்தியதால் பொழுது பின்னடைந்த இடங்களில், அவரே பின்னாளில் எழுதிய கட்டுரை அக்குறையை நிரப்ப உதவுகிறது. இனி வரும் மொழிபெயர்ப்பாளர் அவ்விரண்டையும் சேர்த்துப் படித்து, மாலையை வேளையாக மட்டுமன்றி முல்லையாகவும் பெயர்ப்பாராயின், முதற்பொருளின் இரு கூறுகளும் பிறமொழி வாசகர்க்கு நிறைவாகச் சென்று சேரும்.